₹400 ஃபில்டரா, ₹5,500 ஃபில்டரா? காருக்கு 'லைஃப்டைம்' ஏர் ஃபில்டர் வாங்கினா லாபமா, நஷ்டமா?



இந்தக் கட்டுரை என்னோட ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு முதல் முறையா ஒரு நல்ல போனஸ் வந்தது. கையில ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் ஹேட்ச்பேக் இருந்தது. சீட் கவர் வாங்கலாம்னு ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிவப்பு நிற ஏர் ஃபில்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "சார், இதை ஒரு தடவை மாட்டினா போதும். கார் இருக்கிற வரைக்கும் ஃபில்டர் செலவே கிடையாது. கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம். மைலேஜும் ரெண்டு கிலோமீட்டர் ஏறும்" என்றார்.

விலை ₹5,500. "வாழ்நாள் முழுக்க" என்று கேட்டதும் அது செலவாகத் தெரியவில்லை, முதலீடு மாதிரி தெரிந்தது. வாங்கிட்டேன்.

பத்து மாசம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவி, காய வைத்து, கூடவே வாங்கிய எண்ணெயைத் தாராளமா அடித்து மாட்டினேன். அடுத்த வாரமே டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் வந்துடுச்சு. பிக்கப் செத்துப் போச்சு. மெக்கானிக் அண்ணன் ஃபில்டரைத் தொட்டுப் பார்த்து, விரலைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "தம்பி, ஃபில்டருக்கு எண்ணெய் போட்டியா, இல்ல தீபாவளிக் குளியல் போட்டு விட்டியா?"

சென்சார் கிளீனிங், லேபர் எல்லாம் சேர்த்து ₹1,200. அன்னைக்கு ராத்திரிதான் முதல் முறையா இதுக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தேன். வாங்குறதுக்கு முன்னாடி போட்டிருக்க வேண்டிய ஷீட் அது. அதைத்தான் இன்னைக்கு உங்களோட பகிர்ந்துக்கப் போறேன்.

முதல்ல, ஏர் ஃபில்டர் என்ன செய்யுது?

இன்ஜின் குடிக்கிறது பெட்ரோலை மட்டும் இல்லை, காற்றையும்தான். ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 750 கிராம். அதை எரிக்க ஏறத்தாழ 11 கிலோ காற்று தேவை, அதாவது கிட்டத்தட்ட 9,000 லிட்டர் காற்று. நீங்க மாசம் 55 லிட்டர் பெட்ரோல் போட்டா, உங்க கார் மாசத்துக்கு சுமார் 5 லட்சம் லிட்டர் காற்றை இழுக்குது.

அந்தக் காற்றில் என்ன இருக்கும்னு ஓஎம்ஆர்லயோ, மெட்ரோ வேலை நடக்குற ரோட்டுலயோ பைக் ஓட்டினவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டுத் தூசியில் பெரும் பகுதி நுண்ணிய மணல். அது இன்ஜினுக்குள்ளே போனா, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அதைத் தடுக்கிறதுதான் ஃபில்டரோட முதல் வேலை. பவர், சவுண்ட் எல்லாம் அப்புறம்தான்.

மார்க்கெட்ல என்னென்ன வகை இருக்கு?

1. பேப்பர் ஃபில்டர்: கம்பெனியில் இருந்து காரோடு வர்றது. அழுக்கானா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும்.

2. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்: கம்பி வலைகளுக்கு நடுவில் பல அடுக்குப் பருத்தித் துணி, அதில் பிசுபிசுப்பான எண்ணெய். தூசி அந்த எண்ணெயில் ஒட்டிக்கும். 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய கே அண்ட் என், இத்தாலியின் பிஎம்சி எல்லாம் இந்த வகைக்குப் பேர் போனவை.

3. ஃபோம் ஃபில்டர்: இங்கிலாந்தின் பைப்பர்கிராஸ் மாதிரி. இதையும் கழுவலாம்.

4. ட்ரை சிந்தெட்டிக்: எண்ணெய் தேவையில்லாத, கழுவக்கூடிய செயற்கை இழை ஃபில்டர்.

இதுல கடைசி மூணும்தான் 'ரீயூசபிள்'. பழைய பாக்ஸுக்குள்ளேயே அப்படியே உட்காரும் தட்டை ஃபில்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பாக்ஸையே கழட்டிட்டு மாட்டுற கூம்பு ஃபில்டர் வேற கதை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம்

ஒரு சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக்கை எடுத்துக்குவோம். மாசம் 1,000 கி.மீ., வருஷம் 12,000 கி.மீ. ஏழு வருஷம் வச்சிருந்து விக்கிறோம். மொத்தம் 84,000 கி.மீ. விலைகளை உதாரணத்துக்குத்தான் எடுத்திருக்கேன். உங்க காருக்கான விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கங்க.

பேப்பர் ஃபில்டர் (ஒன்று ₹400):
- 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாத்தினா 2 ஃபில்டர் = ₹800
- தூசி அதிகம்னு 20,000 கி.மீ.க்கு ஒருமுறை மாத்தினா 4 ஃபில்டர் = ₹1,600
- சர்வீஸ் சென்டர் சொல்றபடி 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாத்தினாலும் 8 ஃபில்டர் = ₹3,200

ரீயூசபிள் ஃபில்டர்:
- ஃபில்டர் ₹5,500
- கிளீனர், எண்ணெய் அடங்கிய கிட் ₹1,800
- மொத்தம் ₹7,300

நிறைய பேர் மறக்குற விஷயம் அந்த கிட். 'லைஃப்டைம்' என்பது ஃபில்டருக்குத்தான், கிட்டுக்கு இல்லை. வெறும் சோப்புத் தண்ணியில் கழுவி, வீட்ல இருக்கிற ஏதோ ஒரு எண்ணெயைத் தடவுறது நடக்காத காரியம்.

₹7,300-க்கு எத்தனை பேப்பர் ஃபில்டர் வாங்கலாம்? பதினெட்டு. 20,000 கி.மீ.க்கு ஒன்று என்றால் 3,60,000 கி.மீ. ஓடும். வருஷம் 12,000 கி.மீ. ஓட்டுற நமக்கு அது 30 வருஷம்! பெட்ரோல் காரோட ஆர்சியே முதல்ல 15 வருஷத்துக்குத்தான் தர்றாங்க. ஃபில்டரோட போட்ட காசு திரும்பி வர்றதுக்குள்ள காருக்கு ஆயுள் முடிஞ்சிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த ₹5,500-ஐ 7% வட்டியில் ஒரு எஃப்டியில் போட்டு ஏழு வருஷம் விட்டா சுமார் ₹8,800 ஆகும். பெரிய தொகை இல்லைதான். ஆனா 'பணம் மிச்சம் பண்ண' வாங்குற பொருள் என்றால் இதையும் எண்ணித்தானே ஆகணும்?

"ஆனா மைலேஜ் ஏறுமே?"

இதுதான் முக்கியமான கேள்வி. ஏன்னா, மைலேஜ் உண்மையிலேயே ஏறினா மேலே போட்ட கணக்கு மொத்தமா மாறிடும்.

18 கி.மீ. மைலேஜ், பெட்ரோல் ₹100 என்று வச்சுக்குவோம். மாசம் 1,000 கி.மீ.க்கு சுமார் ₹5,550 செலவு. மைலேஜ் 5% ஏறினா மாசம் ₹265 மிச்சம். ₹7,300 சுமார் 28 மாசத்தில் திரும்பி வந்துடும். மோசமான டீல் இல்லை. கடைக்காரர் மைலேஜைப் பிடிச்சுத் தொங்குறதுக்குக் காரணமும் இதுதான்.

ஆனா ஏறுமா?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. அடைத்துப் போன ஃபில்டரோட ஓட்டிப் பார்த்து, சுத்தமான ஃபில்டரோட ஒப்பிட்டாங்க. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன பெட்ரோல் கார்களில், அடைத்த ஃபில்டரை மாத்தினாலும் மைலேஜ் கூடவில்லை. வேகம் எடுக்கிற நேரம் மட்டும் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில்தான் மைலேஜில் சில சதவீத வித்தியாசம் தெரிந்தது.

காரணம் எளிது. நவீன காரில், உள்ளே வர்ற காற்று எவ்வளவுன்னு சென்சார் பார்த்துச் சொல்லும். இசியு அதுக்குத் தகுந்த பெட்ரோலைத்தான் விடும். காற்று கொஞ்சம் குறைஞ்சா பெட்ரோலும் குறையும். நீங்க அதே வேகத்தில் போக ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட அழுத்துவீங்க, த்ராட்டில் கொஞ்சம் கூடத் திறக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அடைத்துப் போன ஃபில்டரை மாத்தினாலே மைலேஜ் ஏறலைன்னா, சுத்தமான பேப்பரைக் கழட்டிட்டு சுத்தமான பருத்தியை மாட்டினா எப்படி ஏறும்?

என் சொந்தக் கணக்கும் அதைத்தான் சொன்னது. ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. மாட்டுறதுக்கு முன்னாடி 19-க்கும் 21-க்கும் நடுவில். மாட்டின பிறகும் 19-க்கும் 21-க்கும் நடுவில். கடைக்காரர் சொன்ன அந்த 'ரெண்டு கிலோமீட்டர்' டிராஃபிக்கைப் பொறுத்து ஏறி இறங்குற வித்தியாசம்தான்.

மைலேஜ்தான் வேணும்னா டயர் பிரஷரைப் பாருங்க. சரியான பிரஷரில் வச்சா மைலேஜ் சராசரியா 0.6%, சில சமயம் 3% வரைக்கும் கூடும்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. நம்ம உதாரணத்தில் அது மாசம் ₹33-லிருந்து ₹165 வரை. பெட்ரோல் பங்க்ல காற்று இலவசம்.

பணத்தில் தெரியாத செலவுகள்

*தூசி.* காற்று ஈசியா போகணும்னா துளைகள் பெருசா இருக்கணும். தூசி நிக்கணும்னா துளைகள் சின்னதா இருக்கணும். ரெண்டையும் ஒரே ஃபில்டர்ல முழுசா தர்றது கஷ்டம். ஃபில்டரோட தூசி பிடிக்கும் திறனை அளக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சோதனைத் தரம் இருக்கு. ஒரு ஃபில்டர் 99%, இன்னொன்று 97% என்று வச்சுக்குவோம். பார்க்க ரெண்டே சதவீதம்தான். ஆனா 100 கிராம் தூசி வந்தா, முதலாவது உள்ளே விடுறது 1 கிராம், இரண்டாவது விடுறது 3 கிராம். மூணு மடங்கு! வாங்கும்போது இந்த எண்ணை கேளுங்க. பாக்கெட்டிலும் இல்லை, கடைக்காரருக்கும் தெரியலைன்னா கிளம்பிடுங்க. முக்கியமா, ₹800-க்குக் கிடைக்கிற பேர் தெரியாத 'ஸ்போர்ட்ஸ்' ஃபில்டர்களைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு விஷயம்: பேப்பர் ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிஞ்சா, அந்தத் தூசிப் படலமே அடுத்து வர்ற தூசியைத் தடுக்கும். லேசா சாம்பல் நிறமா இருக்கிற ஃபில்டர் கெட்டுப்போன ஃபில்டர் இல்லை.

*சென்சார்.* சில கார்களில் ஃபில்டருக்கு அடுத்து மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கும். மெல்லிய, சூடான கம்பி ஒன்று காற்றை அளக்கும். ஃபில்டரில் எண்ணெய் அதிகமானா அது பறந்து போய் அந்தக் கம்பியில் படியும். என் ₹1,200 போனது அப்படித்தான். நான் கொடுத்தது சுத்தம் பண்ற செலவு மட்டும். சென்சாரையே மாத்தணும்னு வந்திருந்தா, ரீயூசபிள் ஃபில்டரைவிடப் பெரிய பில் வந்திருக்கும். தப்பு ஃபில்டரோடது இல்லை, என்னோடதுதான். ஆனா அப்படித் தப்பு பண்ணவே முடியாத பொருள் ₹400-க்குக் கிடைக்குதுங்கிறதும் உண்மைதானே?

*நேரம்.* கிளீனர் அடிச்சு பத்து நிமிஷம் ஊற விடணும். சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கமா மெதுவாத் தண்ணி விடணும். நிழலில் தானாகக் காயணும், ஹேர் டிரையரோ கம்ப்ரஸரோ கூடாது. மடிப்பு மடிப்பா அளவா எண்ணெய் அடிச்சு, அது பரவ இருபது நிமிஷம் விடணும். அது காயுற வரைக்கும் காரை எடுக்க முடியாது. வாரத்துல கிடைக்கிற ஒரே லீவு நாள் அதுல போகும். பேப்பர் ஃபில்டர் மாத்த பெரும்பாலான கார்களில் அஞ்சு நிமிஷம்தான்.

*வாரண்டி.* ஓனர்ஸ் மேனுவலில் ஜென்யூன் பார்ட்ஸ் பயன்படுத்தச் சொல்லியிருப்பாங்க. அமெரிக்காவில் 1975-லிருந்தே இதுக்கு மேக்னசன்-மாஸ் சட்டம் இருக்கு. வேற பார்ட் போட்டதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. இங்கே போட்டி ஆணையம் 2014-ல் 14 கார் நிறுவனங்கள் மேல் ₹2,500 கோடிக்கும் மேல் அபராதம் போட்ட உத்தரவில், வெளியே சர்வீஸ் பண்ணினதுக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமா ரத்து பண்ணக் கூடாதுன்னு சொன்னது. ஆனா அது மேல்முறையீட்டுக்குப் போன விவகாரம். சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நின்னு அதைச் சொல்லி வாதாடுறது உங்க சனிக்கிழமையைத்தான் சாப்பிடும். வாரண்டி இருக்கிற வரைக்கும் இந்த ரிஸ்க் வேண்டாம்.

அப்போ நல்லதே இல்லையா?

இருக்கு. நியாயமா சொல்லணும்.

- அதிக ஆர்பிஎம்மில் இன்ஜின் கொஞ்சம் தாராளமா மூச்சு விடும். டியூன் பண்ணின கார், ட்ராக் டே போறவங்களுக்கு அது அர்த்தமுள்ள வித்தியாசம்.
- இன்ஜின் காற்றை இழுக்குற சத்தம் கொஞ்சம் கூடும். சிலருக்கு அதுவே சந்தோஷம். தப்பில்லை, அதைப் பொழுதுபோக்கு பட்ஜெட்டில் எழுதுங்க, சேமிப்பில் எழுதாதீங்க.
- குப்பை குறையும். ஆனா கழுவுற தண்ணியில் போற எண்ணெயையும் கணக்கில் வைக்கணும்.
- சில பிரீமியம் கார்களுக்குப் பேப்பர் ஃபில்டரே ₹2,500 ஆகலாம். அங்கே ரீயூசபிள், கிட் எல்லாம் சேர்த்து ₹9,800 ஆனாலும் நாலு மாற்றத்தில் போட்ட காசு வந்துடும். 20,000 கி.மீ.க்கு ஒன்று என்றால் 80,000 கி.மீ. காரை அவ்வளவு நாள் வச்சிருப்பீங்களா என்பதுதான் கேள்வி.
- மாசம் 5,000 கி.மீ. ஓட்டுறவங்க: நம்ம ₹400 கணக்கில் 3,60,000 கி.மீ. என்பது ஆறு வருஷம். அதிகத் தூசியில் அடிக்கடி ஃபில்டர் மாத்துறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். ஆனா அடிக்கடி கழுவினா கிட்டும் அடிக்கடி வாங்கணும்.

கழுவுற இடைவெளி பற்றி ஒரு எச்சரிக்கை. கே அண்ட் என் சொல்ற 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கி.மீ., சாதாரண நெடுஞ்சாலை ஓட்டத்துக்கானது. கட்டட வேலை நடக்குற ஏரியாவில் தினமும் ஓட்டுறவங்க அதை நம்பி மூடி வச்சுடாதீங்க.

கூம்பு ஃபில்டர் மாட்டலாமா?

வேண்டாம்னுதான் சொல்வேன். பாக்ஸ் இல்லாததால் இன்ஜின் அறையில் இருக்கிற சூடான காற்றையே அது இழுக்கும். சிக்னலில் நிக்கும்போது பவர் கூடாது, குறையும். இன்னொன்று மழை. சில கிட்களில் காற்று இழுக்குற இடம் கீழே இறங்கிடும். டிசம்பர் வெள்ளத்தில் தண்ணி இன்ஜினுக்குள்ளே போனா என்ன ஆகும்னு சென்னைக்காரங்களுக்குத் தெரியும். இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத சாதாரண பாலிசி பொதுவா அந்தச் சேதத்தைத் தராது. ஆட்-ஆன் இருந்தாலும், மாடிஃபிகேஷனை முன்னாடியே சொல்லலைன்னா க்ளெய்ம் நேரத்தில் கேள்வி வரும்.

நீங்க செய்ய வேண்டியது

1. ஓனர்ஸ் மேனுவலில் மெயின்டனன்ஸ் அட்டவணையைப் பாருங்க. 'சுத்தம் செய்ய', 'மாற்ற' ரெண்டும் தனித்தனியா இருக்கும். தூசி நிறைந்த ரோடுகளுக்குத் தனி இடைவெளியும் இருக்கும்.
2. சர்வீஸ் பில்லில் ஏர் ஃபில்டர் இருந்தா, "பழசைக் காட்டுங்க" என்று கேளுங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஒளி நல்லா வந்தா இன்னும் உயிர் இருக்கு. கிழிசலோ, ஓரத்து ரப்பரில் வெடிப்போ இருந்தா யோசிக்காம மாத்துங்க.
3. ஜென்யூன் ஃபில்டரையோ, பாஷ், மான், மாலே மாதிரி தெரிஞ்ச பிராண்டையோ வெளியே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரிங்க. நீங்களே மாட்டினா லேபர் மிச்சம்.
4. ரீயூசபிள்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டா, எண்ணெய் தேவையில்லாத ட்ரை வகை உங்க காருக்குக் கிடைக்குதான்னு முதல்ல பாருங்க.
5. ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? போன காசு போனதுதான், அதை நினைச்சு வருத்தப்படாதீங்க. எண்ணெயைக் குறைவா அடிங்க, முழுசா காய வைங்க, ஓரம் பாக்ஸில் சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க.

முடிவா

வருஷம் 12,000 கி.மீ. ஓட்டுற, இஎம்ஐ கட்டுற ஒரு சம்பளக்காரருக்கு ரீயூசபிள் ஃபில்டர் சேமிப்பு கிடையாது, ஆசை. ஆசைக்குச் செலவு பண்றது குற்றமும் இல்லை. ஆனா அதை முதலீடுன்னு சொல்லி யாராவது வித்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நான் இப்ப இதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவு பண்றேன்?" என் விஷயத்தில் அது வருஷத்துக்கு ₹230. ₹230 செலவை மிச்சம் பண்ண ₹7,300 கொடுத்து, மேலே ₹1,200 தண்டமும் கட்டினேன்.

இந்தக் கேள்வி ஃபில்டருக்கு மட்டும் இல்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி, டெஃப்லான் கோட்டிங், 'லைஃப்டைம்' என்று ஆரம்பிக்கிற எதுக்கும் பொருந்தும். அந்தக் காரை வித்தப்போ வாங்கினவர் கிட்ட, "லைஃப்டைம் ஃபில்டர் இருக்கு" என்று பெருமையா சொன்னேன். அவர் விலையில் ஒரு ரூபாய்கூட ஏத்தல. சர்வீஸ் ரெக்கார்டைத்தான் கேட்டார்.

உங்க காரோட ஃபில்டர் விலை, மாத்துற இடைவெளி ரெண்டையும் வச்சு இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். அடுத்த பதிவில் சந்திப்போம்.